பொய்க்காலோடு கரைவலை இழுக்கலாமா?

#1 கச்சான்காற்று | திங்கள், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊர் திருகோணமலைப் பக்கம் சம்பூர், வயது 47. வருகிற பங்குனியில் கரைவலைப் பாடு (கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் தொழில்) தொடங்கும்போது தானும் கம்பா (வலையின் கயிறு) இழுக்கப் போவதாகச் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. மாமி இரண்டு நாளாகக் கதைப்பதில்லை. பொய்க்கால் போட்டவர் கடற்கரை மணலில் நின்று வலை இழுக்க முடியுமா, முடியாதா? இதுதான் கேள்வி.

மற்றதையும் சொன்னால்தான் விளங்கும். மாமா பன்னிரண்டு வயதிலேயே வலைக்குப் போனவர். அப்போது கூலி ஈர்க்கில் கோத்த ஒரு கோவை சூடை. பதினாறு வயதில் பெரியவர்களோடு சமமாக முழுப் பங்கு வாங்கியவர் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1996 இல் புலிகள் இயக்கத்துக்குப் போனார். விரும்பிப் போனாரா, போக வைத்தார்களா என்பதற்கு அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறது, மாமாவிடம் வேறொரு கதை. இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு பன்னிரண்டு வருடம் நடைதான். வெருகல், வாகரை, அப்புறம் காடு காடாக வன்னி. "சண்டை பிடித்ததை விட நடந்ததுதான் கூட. சும்மாவா காலாட்படை என்று பெயர் வைத்தார்கள்" என்பார். 2008 இல் முகமாலை முன்னரங்கில் மிதிவெடி. "மிதித்தது எங்கட ஜொனிதான்" (ஜொனி என்பது இயக்கமே செய்த மிதிவெடி) என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதைப் புதைத்தவனையும் அவருக்குத் தெரியுமாம், அவன் இப்போது உயிரோடு இல்லை. 2009 மே மாதம் ஊன்றுகோலோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து ஆமியின் பக்கம் வந்தார். அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம் முடிந்து 2011 இல் வந்து சேர்ந்த இடம் கிளிவெட்டி முகாம், ஏனென்றால் வீட்டார் அங்கேதான் இருந்தார்கள். 2006 இல் ஓடிய சம்பூர்ச் சனத்துக்கு 2015 இல்தான் 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் அடுத்த வருடம். எங்கள் காணியில் கிணறு மட்டும் கிணறாக இருந்தது.

இதற்கிடையில் அவருக்குத் தையல் பயிற்சி தந்தார்கள், கைபேசி திருத்தப் பயிற்சி தந்தார்கள், ஒருமுறை ஐந்து கோழி தந்தார்கள். இப்போது பூவரச மரத்தடியில் இருந்து வலை பொத்துகிறார் (கிழிசல் தைக்கிறார்). கை நல்ல கை, கண்ணும் பழுதில்லை. வருகிற ஆட்கள் எல்லாம் "நல்லதுதானே, இருந்த இடத்தில் வேலை" என்கிறார்கள். அதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன கிழமை அம்மாவிடம் சொன்னார்: "பொத்துகிறவனுக்குக் கூலி அக்கா. இழுக்கிறவனுக்குத்தான் பங்கு."

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கன்னியா வெந்நீர் | திங்கள், இரவு 10.05

இப்போது பல பாடுகளில் உழவு இயந்திரம்தானே இழுக்கிறது? மாமாவை ட்ரைவர் ஆக்குங்கள், அதுவும் இருந்த இடத்தில் வேலைதான்.

(பகிடிக்கு. அடிக்க வராதீர்கள்.)

#3 கச்சான்காற்று | திங்கள், இரவு 10.11

எங்கள் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) பழைய ஆள், இன்னும் ஆளை வைத்துத்தான் இழுக்கிறார். அந்தச் சண்டைக்கு வேறு இழை திறவுங்கள்.

#4 பிளாஸ்டர்கை | செவ்வாய், காலை 6.20

செயற்கை அவயவம் செய்வதுதான் என் தொழில், இருபது வருடத்துக்கு மேல். முடியுமா என்பதை ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எது கஷ்டம் என்று சொல்ல முடியும்.

முதலில் தெரிய வேண்டியது: ஸ்டம்ப் (அறுத்த காலின் மிச்சத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எவ்வளவு நீளம்? தோல் எப்படி? கடைசியாக எப்போது புதுக் கால் கட்டினார்? என்ன பாதம்?

ஸ்டம்ப் கல் இல்லை. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் நன்றாக வற்றும். பிறகும் மெலிந்தால் வற்றும், உடம்பு போட்டால் வீங்கும், காலையில் ஒரு அளவு, பின்னேரம் ஒரு அளவு. சொக்கெட் (ஸ்டம்ப் போய் உட்காரும் கிண்ணம்) மட்டும் பிளாஸ்டிக், அது மாறாது. இடைவெளியை நிரப்பத்தான் சொக்ஸ் போடுகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் சொக்கெட் பெருத்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு கால் மூன்று முதல் ஐந்து வருடம் தாங்கும். 2008 இல் காயப்பட்டவர் இப்போது நான்காவது காலிலாவது நிற்க வேண்டும்.

"கால் குடுத்தாச்சு" என்று படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். கால் ஒருமுறை கொடுத்து முடிகிற சாமான் இல்லை.

#5 கச்சான்காற்று | செவ்வாய், மதியம் 12.50

கேட்டுச் சொல்கிறேன்: மூன்றாவது கால். முதலாவது புனர்வாழ்வில் இருந்தபோது, இரண்டாவது யாழ்ப்பாணத்தில், மூன்றாவது ஒரு நடமாடும் முகாமில் 2019 இல். ஜெய்ப்பூர் பாதம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருக்கிறது. சொக்ஸ் எத்தனை என்று கேட்டதற்கு முதலில் "ஒன்று" என்றார். மாமி உள்ளே இருந்து "நாலு" என்றார்.

(அப்படியாவது வாய் திறந்தாரே.)

#6 பிளாஸ்டர்கை | செவ்வாய், மதியம் 1.15

மாமி சொன்னதைத்தான் நம்புவேன். நாலு என்றால் அந்தக் கால் வலைக்கு மட்டுமில்லை, கடைக்குப் போகவும் சரிவராது.

ஒரு சாண் ஸ்டம்ப், முழங்கால் மூட்டு இருக்கிறது, ஜெய்ப்பூர் பாதம். இவை மூன்றும் நல்ல செய்தி. அந்தப் பாதம் 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, குந்தியிருக்கிற, வயலில் இறங்குகிற ஆட்களுக்காகவே செய்தது. வெளியே ரப்பர் என்பதால் சேற்றுக்கும் தண்ணீருக்கும் பயமில்லை. சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கும் மேல்நாட்டுப் பாதங்களில் இது நடக்காது.

#7 டொரன்டோப் பனி | செவ்வாய், மாலை 5.32

கண்கள் கலங்கிவிட்டன. மண்ணுக்காகக் காலைக் கொடுத்த மாவீரன் இன்று கடலோடு போராடுகிறான்! அவர் வலை இழுக்கத் தேவையில்லை. இலக்கம் தாருங்கள், இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் அனுப்புகிறோம். அவரைப் போன்றவர்கள் உழைக்கக் கூடாது, நாங்கள்தான் அவர்களைத் தாங்க வேண்டும்.

#8 கச்சான்காற்று | செவ்வாய், மாலை 6.04

அண்ணா, உங்கள் மனது விளங்குகிறது. ஆனால் மாவீரர் என்பது செத்தவர்களுக்குச் சொல்கிற சொல். மாமா உயிரோடு இருக்கிறார். இதை அவருக்கு வாசித்துக் காட்டினால் என் கால் உடையும்.

காசு அனுப்பினால் மாமி வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அது உண்மை. அஸ்வெசுமவில் (அரசாங்க நலத்திட்டம்) வருகிற உதவித்தொகை 2024 தையில் 5000 இலிருந்து 7500 ஆனது, 2025 இல் 10,000 ஆனது. அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் அது காணுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆனால் நான் இங்கே வந்தது காசு கேட்டு இல்லை.

#9 சும்மாவாசகன் | செவ்வாய், இரவு 8.15

ஊரில் எத்தனையோ பேருக்குக் கால் இல்லை. விறகு பொறுக்கப் போய் மிதித்தவர்கள், மாடு மேய்க்கப் போனவர்கள், சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு யார் இழை திறக்கிறார்கள்? துவக்குத் தூக்கினவனுக்கு மட்டும் ஒப்பாரி.

#10 ஆலங்கேணி | செவ்வாய், இரவு 10.48

சும்மாவாசகனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய காலைப் பற்றிக் கதைத்தால் இன்னொருவருடைய கால் மறந்துபோகும் என்று இல்லை.

நான் தாதி. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்ற காலத்தில் மிதிவெடிக் கால்கள் நிறையப் பார்த்தேன். ஊர்ச் சனம், ஆமி, இயக்கம் எல்லாம் வந்தது. மேசையில் கிடத்தினால் உடுப்பை வெட்டித்தான் எடுப்போம், அப்புறம் யார் எவர் என்று கால் சொல்லாது.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று. சின்ன மிதிவெடி பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, பாதத்தைத்தான் எடுக்கும். ஆனால் வெடித்த வேகத்தில் மண், புல், செருப்புத் துண்டு, எலும்புச் சிதறல் எல்லாம் தசைக்கு நடுவால் மேலே ஏறிவிடும். வெளியே கணுக்கால்தான் போயிருக்கும், உள்ளே முழங்கால் கிட்டவரை அழுக்கு. அதனால்தான் காயத்துக்கு நன்றாக மேலே வெட்ட வேண்டி வருகிறது. வெட்டினாலும் உடனே தைத்து மூடுவதில்லை. திறந்த காயமாக விட்டு, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் மூடுவார்கள். மயக்கம் தெளிந்து "இவ்வளவு மேலே ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்காத ஆள் இல்லை. மூட்டைக் காப்பாற்றிவிட்டால் எங்களுக்குள் ஒரு சந்தோஷம். அது காயப்பட்டவருக்கு அந்த நேரம் விளங்காது.

தம்பி, மாமாவுக்கு இரவில் இல்லாத கால் வலிக்கிறதா?

#11 கச்சான்காற்று | புதன், காலை 5.55

வலிக்கிறது அக்கா. நான் சின்னவனாக அங்கே படுத்த இரவுகளில் பார்த்திருக்கிறேன், தூக்கத்தில் வெறும் பாயைச் சொறிவார். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் கடிக்கிறதாம். மழைக்காலத்தில் கூட. இன்னொன்று, அரைத் தூக்கத்தில் எழும்பி இரண்டு கால் இருக்கிற ஞாபகத்தில் அடி எடுத்து வைத்து விழுவார். போன மார்கழியில் விழுந்ததில் முன்பல் ஒன்று போனது. பதினேழு வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்தக் காலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

#12 ஆலங்கேணி | புதன், காலை 7.30

செய்தி போகாதது மூளைக்குத்தான். மூளைக்குள் அந்தக் காலின் படம் அப்படியே இருக்கிறது. வி. எஸ். ராமச்சந்திரன் என்று அமெரிக்காவில் இருக்கும் மூளை ஆராய்ச்சியாளர், தமிழர்தான், 1990களில் இதற்குக் கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கால் பக்கம் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது இல்லாத கால் மாதிரி இருக்கும். நல்ல காலின் விரலை மெதுவாக மடக்கி நீட்டினால் மற்றதும் மடங்கி நீளுவது போலத் தெரியும், சிலருக்கு அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். எல்லோருக்கும் சரிவராது. ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். நாளுக்குக் கால் மணி நேரம், சில கிழமைகள் விடாமல் செய்து பார்க்கட்டும்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் குறுக்கே வைத்துவிடுங்கள். எழும்பினால் கை அதில் பட வேண்டும். பட்டால் நினைவு வரும்.

#13 கிண்ணியாப் பாதை | புதன், இரவு 9.20

நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது.

என் வாப்பா ஆமியில் இருந்தவர். 1997 இல் ஜெயசிக்குறு (வன்னியில் ஆமி நடத்திய பெரிய படை நடவடிக்கை) தொடங்கிய கொஞ்ச நாளில் ஓமந்தைப் பக்கம் செல் விழுந்து வலது கால் தொடையோடு போனது. கிண்ணியாவில் ஒரு ஆமிக்காரரின் மகனாக வளர்வது எப்படி என்று இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். லீவில் வந்தால் வீட்டுக்குள்ளேயே இருப்பார். "கொழும்பில் கடையில் வேலை" என்று சொல்லத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். காயப்பட்ட பிறகும் "லொறி அடித்தது" என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

ஏன் சேர்ந்தார் என்று கேட்டிருக்கிறேன். நெல் ஆலையில் மூட்டை தூக்கினார், அதைவிட இது சம்பளம் கூட. இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் சொல்வார் என்று நான் நெடுநாள் எதிர்பார்த்திருந்தேன்.

ராகமவில் ரணவிரு செவனவில் (காயப்பட்ட ஆமிக்காரரின் புனர்வாழ்வு நிலையம்) கால் கட்டிப் பழக்கினார்கள். பென்சன் வருகிறது, அது பெரிய விஷயம், கச்சான்காற்றின் மாமாவுக்கு அது இல்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பக்கமும் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. 12 வருடச் சேவை முடியும் முன் காயப்பட்டு விலகிய ஆமிக்காரர்கள் ஓய்வூதியம் கேட்டு கொழும்புக் கோட்டையில் பொய்க்காலோடு வந்து உட்கார்ந்தார்கள்.

தொடையோடு போன கால் வேறு கணக்கு. முழங்கால் மூட்டும் இயந்திரம்தான். நாலு அடி நடந்தால் எங்களுக்கு ஏழு அடி நடந்த களைப்பு அவருக்கு. பாலம் வருவதற்கு முன் பாதையில்தான் நகரத்துக்குப் போவோம் (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றுகிற மிதவை). அதில் ஏறி இறங்கும் பலகை ஈரமாக இருந்தால் வாப்பா திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார். 2009 ஐப்பசியில் பாலம் திறந்த அன்றைக்குப் பின்னேரம் அந்த முழுப் பாலத்தையும், கிட்டத்தட்ட நானூறு மீற்றர், தனியாக நடந்து அக்கரைக்குப் போனார். திரும்பி வர முடியவில்லை. சைக்கிளில் போய் ஏற்றிவந்தேன். கரியரில் இருந்துகொண்டு பாலத்தின் தூண்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

சுனாமியில் பொய்க்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆள் தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார். அடுத்த கால் வர எட்டு மாதம். அந்த எட்டு மாதம்தான் அவர் சைக்கிள் திருத்தப் பழகியது.

#14 சும்மாவாசகன் | புதன், இரவு 9.41

நல்லாயிருக்கிறது. ஆமிக்காரனுக்கும் இதே இழையில் இடம்.

#15 டொரன்டோப் பனி | புதன், இரவு 10.02

இதை நானும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். இருவரையும் ஒரே தராசில் வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

#16 [பதிவு நீக்கப்பட்டது]

#17 [பதிவு நீக்கப்பட்டது]

#18 மட்டுறுத்துநர் | புதன், இரவு 11.30

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் சரி என்ற விவாதத்துக்கு இங்கே ஏற்கெனவே நாற்பது இழைகள் இருக்கின்றன. கேள்வி கரைவலை பற்றியது.

#19 உவர்மலைக் கிழவன் | வியாழன், காலை 4.50

தூக்கம் வராத ஆள் நான். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது என் அப்பா அங்கே வேலை. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பற்றிச் சாகும்வரை கதைத்தார். நிலாவெளி வீதியில் அந்தச் சண்டைக்காரரின் மயானம் இருக்கிறது, புல் வெட்டி வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் நான் அங்கே போய்க் கல்லில் இருக்கும் வயதுகளை வாசிப்பேன். 19, 20, 22. செத்தவனுக்குக் கல் இருக்கிறது. கை கால் போய் ஊருக்குத் திரும்பினவன் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்கிறேன்.

தம்பி, வலைக்கு வருவோம். எந்தப் பக்கக் கம்பா? இடக்கால் இல்லாதவன் கரைச் சரிவில் எந்தக் காலைக் கீழே வைப்பான் என்பது முக்கியம்.

#20 பிளாஸ்டர்கை | வியாழன், காலை 6.35

ஐயா கேட்டதுதான் கேள்வி. நான் நேற்று முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

கச்சான்காற்று, அவர்கள் எப்படி இழுக்கிறார்கள்? கடலைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்தா?

#21 கச்சான்காற்று | வியாழன், காலை 7.10

ஆம். இடுப்பில் பட்டி, அதை கம்பாவில் கொளுவி, கடலைப் பார்த்துப் பின்னால் சாய்ந்து அடிமேல் அடியாக மேலே ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர் பட்டியைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி மறுபடி முன்னுக்குக் கொளுவ வேண்டும். மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கு வரும்வரை இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று மணி நேரம்.

#22 பிளாஸ்டர்கை | வியாழன், காலை 8.00

அப்படியென்றால் பிரச்சினை மணலில் இல்லை, பின்னால் நடப்பதில்தான்.

பொய்ப்பாதம் முன்னால் நடக்கச் செய்தது. குதி மெத்தென்று இறங்கும், உருண்டு விரல் பக்கம் போய்த் தள்ளும். பின்னால் நடந்தால் விரல் முதலில் விழும். எங்கள் கணுக்கால் அதற்கு வளைந்து கொடுக்கும், அவருடையது கொடுக்காது. அந்த அடி முழுக்க முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்துக்கும், ஸ்டம்ப் நுனியின் பின்பக்கத்துக்கும் போகும். அதோடு கம்பாவின் பாரம். நாலு சொக்ஸ் போட்ட தளர்ந்த சொக்கெட்டில் இதைச் செய்தால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். உரிந்த தோல் ஆறும்வரை கால் போட முடியாது. அதாவது ஒரு நாள் பங்குக்கு ஒரு மாதம் ஊன்றுகோல்.

எனவே மூன்று விஷயம் சொல்கிறேன்.

புதுச் சொக்கெட் கட்டாயம். அது இல்லாமல் இந்த இழையே வேண்டாம்.

கடலுக்கென்று தனிக் கால் ஒன்று வேண்டும். ஜெய்ப்பூர்க் காலின் தண்டும் சொக்கெட்டும் தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக்தான். சூடாக்கி, பிளாஸ்டர் அச்சின் மேல் இழுத்துப் போர்த்துச் செய்வது. உள்ளே வெறும் கூடு. தண்ணீருக்குள் இறங்கினால் நிறைந்து கனக்கும், அதனால் கணுக்காலுக்கு மேலே இரண்டு துளை போட்டுவிட்டால் வடிந்துவிடும். இரும்புக் கொளுக்கி எதுவும் வேண்டாம், உப்பு தின்றுவிடும். மாற்றுச் சொக்ஸ் நாலு, நல்ல தண்ணீர் ஒரு போத்தல் கையில் இருக்க வேண்டும். மணல் ஒரு குறுணி உள்ளே போனாலும் கழற்றிக் கழுவ வேண்டும், வெட்கப்படக் கூடாது. இரவில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். காலையில் கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டினால் தோல் ஒட்டும்.

கடைசியாக, அவர் ஏன் கடலைப் பார்த்து இழுக்க வேண்டும்? பட்டியை இடுப்பில் போடாமல் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, கரையைப் பார்த்து, மாடு வண்டி இழுப்பது போல முன்னால் நடக்கட்டும். பாதம் தன் வேலையைச் செய்யும்.

#23 கன்னியா வெந்நீர் | வியாழன், காலை 8.22

சம்பூர்க் கரையில் எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க மாமா மட்டும் மறுபக்கம் பார்ப்பாரா? பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

#24 கிண்ணியாப் பாதை | வியாழன், காலை 9.05

பகிடி பழகிவிடும். வாப்பா பள்ளியில் கதிரையில் இருந்து தொழ ஆரம்பித்தபோது முதல் ஜும்ஆவில் பின்வரிசைப் பெடியன்கள் சிரித்தார்கள். இப்போது முழங்கால் வலி என்று அந்த வரிசையில் பதினொரு கதிரை.

#25 கச்சான்காற்று | வெள்ளி, இரவு 8.30

வாசித்துக் காட்டினேன் (டொரன்டோ அண்ணாவின் பதிவை விட்டுவிட்டு). மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆமிக்காரர் தூண் எத்தனை என்று எண்ணினாராம்?" என்று கேட்டார்.

மாமி அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். சேலை கட்ட இனிக் கிணற்றடிக்குப் போக வேண்டுமாம்.

#26 கிண்ணியாப் பாதை | வெள்ளி, இரவு 9.15

வாப்பாவிடம் கேட்டேன். பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டதாம்.

#27 கச்சான்காற்று | சித்திரை 3, இரவு 7.45

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

புதுச் சொக்கெட் மாசி முடிவில் கிடைத்தது. பிளாஸ்டர்கை அண்ணா எனக்குத் தனிமடலில் சொன்ன இடத்தில்தான் கட்டினோம். பழைய காலின் பாதத்தைக் கழற்றி, புதுக் கூட்டில் பூட்டிக் கடல் கால் ஆக்கினார்கள். துளை இரண்டை நானே போட்டேன், நான் வேலை செய்யும் இரும்புக் கடையில் இருந்த ட்ரில்லால். இப்போது ஒரு சொக்ஸ்தான். மாமி எண்ணிப் பார்த்துவிட்டார்.

பாடு தொடங்கி ஆறாம் நாள் மாமா போனார். நானும் லீவு போட்டுப் போனேன். சம்மாட்டி முதலில் "நீ கம்பா சுருட்டு" என்றார், அதுவும் உட்கார்ந்த வேலை. மாமா பேசாமல் பட்டியை நெஞ்சில் போட்டுக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் போய்க் கொளுவினார். எல்லோரும் கடலைப் பார்க்க, இவர் ஊரைப் பார்த்து நின்றார்.

வெந்நீர் சொன்னது சரி. "நாம்பன்" (இளங்காளை) என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். சின்னப் பெடியன் ஒருவன் பின்னால் நின்று வண்டிக்காரன் மாதிரி நாக்கைக் கொட்டிச் சத்தம் போட்டான். மாமாவும் தலையை ஆட்டிக் காட்டினார். எனக்குத்தான் முகம் சிவந்தது.

இழுக்கும்போது பெரிய கஷ்டம் தெரியவில்லை. இறங்கும்போதுதான். மேலே போய்க் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்குகிற ஒவ்வொரு முறையும் ஈரமணலில் கால் புதைந்தது. மூன்றாவது சுற்றில் விழுந்தார். யாரும் தூக்கப் போகவில்லை. போகாதே என்று அவரே முதலில் சொல்லி வைத்திருந்தார். ஐந்தாவது சுற்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார்: இறங்காமல் பாதிச் சரிவிலேயே கொளுவிக்கொள்வது. அப்போது மற்றவர்களை விட இழுக்கிற தூரம் குறைவு. மடி வரும்வரை இரண்டு முறை ஒதுங்கிப் போய், கழற்றிக் கழுவி, சொக்ஸ் மாற்றினார். மீன் பரவாயில்லை, சாளையும் கொஞ்சம் பாரையும்.

பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி அவருக்கு முக்கால் பங்கு போட்டார். பாதித் தூரம்தானே இழுத்தாய் என்று அவருக்கு நியாயம். இரண்டு முறை ஒதுங்கியும் போனார். மாமா வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது, மாமிக்கும்தான். பாரையைத் தன் கையாலேயே வெட்டிக் குழம்பு வைத்தார்.

அடுத்த நாளும் போனார். மூன்றாவது நாள் ஸ்டம்ப் சிவந்து, ஒரு நாள் வீட்டில் இருந்தார். நேற்று மறுபடி. நேற்றும் முக்கால்தான்.

நேற்று இரவு சாப்பிடும்போது கணக்குப் பார்த்தார். வலையில் பதினெட்டுப் பேர். அதில் ஒருவர் வெற்றிலை போட நாலு தரம் போகிறார், இன்னொருவர் கைபேசி வந்தால் பட்டியைக் கழற்றிவிடுகிறார். அவர்களுக்கெல்லாம் முழுப் பங்கு. இன்று விடிய வலைக்குப் போகாமல் நேரே சம்மாட்டி வீட்டுக்குச் சண்டை பிடிக்கப் போய்விட்டார். நடந்தே போனார். இன்னும் வரவில்லை.

#28 பிளாஸ்டர்கை | சித்திரை 3, இரவு 8.10

சண்டையிலிருந்து வந்ததும் காலைக் கழற்றச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இருபது நிமிடம் கழித்து இன்னொரு படம். அதற்குள் அந்தச் சிவப்பு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால் எந்த இடத்தில் என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுங்கள், நாங்கள் சொக்கெட்டைக் கொஞ்சம் சூடாக்கித் தட்டித் தருவோம்.